வாடகை வழியே ஒரு பயணம்: பெர்லினிலிருந்து கிராட்ஸ் வரை

வெள்ளி, பெர்லின்

2021 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெர்லினில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. மூவாயிரத்துக்கு மேல் வீடுகளை வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களிடமிருந்து, இழப்பீடு கொடுத்து, அந்த வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்பது கேள்வி. ஏறத்தாழ 2,40,000 வீடுகள் அந்தக் கணக்கில் வந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் "ஆம்" என்று குத்த, தீர்மானம் வென்றது. அதே ஞாயிறு, தெற்கே ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்ஸில் மாநகராட்சித் தேர்தல். அதில் 28.8 சதவீத வாக்கு வாங்கி முதலிடத்துக்கு வந்தது கம்யூனிஸ்ட் கட்சி. 1918இல் தொடங்கி, இன்றுவரை கம்யூனிஸ்ட் என்ற பெயரைக் கைவிடாத கட்சி.

சோவியத் ஒன்றியம் கலைந்து முப்பது ஆண்டு ஆன பிறகு, பஞ்சமோ போரோ இல்லாத இரண்டு செல்வச் செழிப்பான ஊர்களில் இது எப்படி நடந்தது? கம்யூனிசம் திரும்ப வருமா என்று நண்பர்கள் வாதாடும்போதெல்லாம் பேச்சு சீனாவுக்கும் கியூபாவுக்கும் போய்விடும். எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். இரண்டு ஊரிலும் ஜனங்களை வாக்குச்சாவடிக்கு இழுத்தது வீட்டு வாடகை. ஜெர்மனியில் வீடு தேடியவர்களுக்கு அந்த வேதனை புரியும். ஒரு விளம்பரம் வந்தால் மாடிப்படி முழுக்க வரிசை நிற்கும். கையில் சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ஷூஃபா சான்றிதழ், பழைய வீட்டுக்காரர் கடிதம் எல்லாவற்றோடும் போய், பதில் கூட வராமல் திரும்புவோம். அதனால் 2025 அக்டோபர் விடுமுறையில் இந்த ஊர்களை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

பெர்லினில் தங்கியிருப்பது வெட்டிங் பகுதியில், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வீட்டில். 1984இல் வந்தவர். அவர் வந்த வழியே இந்தக் கதைக்குள் சேர்ந்ததுதான். எண்பதுகளின் முதல் பாதியில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி வழியாக. ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி ட்ரான்சிட் விசா கொடுக்கும். மேற்குப் பக்கம் எல்லைச் சோதனை வைக்காது, வைத்தால் பெர்லினின் பிரிவினையை ஒப்புக்கொண்டதாகிவிடும். 1985இல் மேற்கு ஜெர்மனி நெருக்கியதும் அந்த வாசல் அடைபட்டது.

"ஃபிரீட்ரிஷ் தெரு ஸ்டேசனில கொண்டந்து விட்டவங்கள் தம்பி. ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேசன் மேற்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல," என்றார் அண்ணை. "தன்ர சனத்தைச் சுவர் கட்டி மறிச்ச நாடு, எங்களைப் பேசாமல் விட்டது. அந்தச் சுவரில ஏறினவனைச் சுட்டவங்கள். அதை நான் மறக்கேலாது."

பிறகு சோற்றில் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றியபடியே சொன்னார்: "ஆனால் இருபத்தொண்டில நான் 'ஓம்' எண்டுதான் போட்டனான்."

அவர் இருக்கும் கட்டடம் இரண்டு தடவை கைமாறிவிட்டது. கடைசியாக வந்த முதலாளி யார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கடிதத்தில் ஒரு கம்பெனி பெயர், தபால் பெட்டி எண், வாடகை உயர்வுத் தொகை. கக்கூஸ் ஒழுகுகிறது என்று சொல்லக்கூட ஓர் ஆள் முகம் இல்லை. சுவரை மறக்க முடியாத மனிதர்தான் பொதுவுடைமைக்கு வாக்களித்தார். இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்பது இனிமேல் போகிற ஊர்களில் நான் கேட்க வேண்டிய கேள்வி.

சனி, பெர்லின்

காலையில் கார்ல் மார்க்ஸ் அலே. அகலமான பெருந்தெரு, இரண்டு பக்கமும் ஓடு பதித்த அரண்மனை போன்ற அடுக்குமாடிகள். ஐம்பதுகளில் இதைக் கட்டியபோது இதன் பெயர் ஸ்டாலின் அலே. தொழிலாளிக்கு மாளிகை என்பதுதான் கனவு. அந்த மாளிகையைக் கட்டிய கொத்தனார்கள் 1953 ஜூன் 16 அன்று கரண்டியைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். கூலியை ஏற்றாமல் வேலை அளவை மட்டும் பத்து சதவீதம் ஏற்றிவிட்டது அரசு. மறுநாள் நாடு முழுவதும் பற்றிக்கொண்டது. சோவியத் டாங்கிகள் வந்தன. குறைந்தது ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். தொழிலாளியின் பெயரால் நடந்த அரசு தொழிலாளியைச் சுட்டது. இதை ஒரு விபத்து என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. கோபத்தைச் சொல்ல வேறு தொழிற்சங்கம் கிடையாது, வேறு கட்சி கிடையாது, வேறு பத்திரிகை கிடையாது. அந்த இடத்தில் தெருவும் டாங்கியும்தான் மிஞ்சும்.

இதே தெருவுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி போன பிறகு இந்த மாளிகைகள் விற்பனைக்கு வந்தன. 2018 கடைசியில் சில கட்டடங்களை ஒரு பெரிய நிறுவனம் வாங்கப்போகிறது என்று தெரிந்ததும் குடியிருப்பவர்கள் மாடங்களில் பதாகைகளைத் தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 670 வீடுகளை நகரத்துக்குச் சொந்தமான வீட்டு நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. ஆனால் பொதுச் சொத்தாக இருந்ததைப் பொதுப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

அந்தப் பணத்தை நினைக்கும்போது 2004 ஞாபகம் வருகிறது. அப்போது பெர்லின் அரசு, கடன் சுமை தாங்காமல், தன் வீட்டு நிறுவனங்களில் ஒன்றை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிதிகளுக்கு விற்றது. ஒரு வீட்டுக்கு ஆறாயிரம் யூரோ சொச்சம்! இன்று அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சமையலறை போட முடிந்தால் அதிகம். விற்ற கூட்டணியில் யார் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது: சமூக ஜனநாயகக் கட்சியும், பழைய கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் வாரிசான ஜனநாயக சோசலிசக் கட்சியும். மார்க்ஸைப் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு விற்றார்கள். கம்யூனிசத்தின் எதிரி எப்போதும் வெளியில்தான் இருப்பான் என்று நினைப்பவர்கள் இந்த விற்பனையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மதியம் லிஷ்டன்பெர்க்கில் ஸ்டாசி அருங்காட்சியகம். கிழக்கு ஜெர்மன் ரகசியப் போலீசின் தலைமையகம். 1990 ஜனவரி 15 அன்று மக்கள் உள்ளே புகுந்த அதே கட்டடம். கடைசிக் காலத்தில் 91,000 பேர் சம்பள வேலையில் இருந்தார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ 1,89,000 பேர் அக்கம்பக்கத்தை வேவு சொன்னார்கள். ஒன்றே முக்கால் கோடிக்கும் குறைவான மக்கள்தொகைக்கு இவ்வளவு பேர். விட்டுப்போன கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். பூவாளிக்குள் ஒளித்த கேமராவை எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வெகுநேரம் நின்றது ஒரு சின்ன அட்டை முன்னால். ஸ்டாசியின் தலைவர் எரிஷ் மீல்கேவின் காலைச் சாப்பாட்டை எப்படி வைக்க வேண்டும் என்று அவர் செயலாளர் எழுதி வைத்த குறிப்பு. தட்டு எங்கே, கத்தி எங்கே, காபி எங்கே, கைத்துண்டு எங்கே என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. முட்டை நாலரை நிமிடம் வேக வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு அந்தப் பதவியில் இருந்தவர். ஒரு மனிதனை யாரும் பதவியிலிருந்து இறக்க முடியாது என்று ஆகிவிட்டால், அவன் முட்டைக்கும் ஒரு அரசாங்க விதி உருவாகிவிடுகிறது. இந்த அரசு திரும்ப வராது. வரவும் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

ஞாயிறு, ஐசன்ஹூட்டன்ஷ்டாட்

போலந்து எல்லைக்கருகில், ஓடர் நதிப் பக்கம், பெர்லினிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். 1950இல் ஒரு உருக்காலைக்காக வெறும் காட்டில் எழுப்பிய ஊர். 1953 முதல் 1961 வரை இதன் பெயர் ஸ்டாலின்ஷ்டாட். ஜெர்மன் மண்ணில் முதல் சோசலிச நகரம் என்று பெருமை பேசினார்கள்.

ஊர் அழகாக இருக்கிறது. கான்கிரீட் பொந்துகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள், நடுவில் பெரிய பெரிய முற்றங்கள், புல்வெளி, மரம், குழந்தைகள் விளையாட இடம். வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் பெரிய சாலையைக் கடக்காமலே போய்விடலாம். பழைய குழந்தைகள் காப்பகம் ஒன்றில் கிழக்கு ஜெர்மன் அன்றாட வாழ்க்கைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் மாடிப்படியில் கோயில் ஜன்னல் மாதிரி வண்ணக் கண்ணாடி, ஆனால் அதில் புனிதர்களுக்குப் பதில் குழந்தைகள். வால்டர் வோமாக்கா என்ற ஓவியர் செய்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் ஏறி இறங்கும் படிக்கு இவ்வளவு அழகைச் செலவழித்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்க்காக ஒரு ஊரையே யோசித்துக் கட்டியவர்களும் அதே நாட்டில்தான் இருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் கரண்டி, வானொலி, பொம்மை, பள்ளிப் புத்தகம் எல்லாம் இருக்கிறது. வாடகைதான் என் விஷயம். கிழக்கு ஜெர்மனியில் சதுர மீட்டருக்கு ஒரு மார்க் அளவில் வாடகை. சம்பளத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. வாடகை பாக்கிக்காக யாரும் தெருவில் நின்றதில்லை. ஆனால் அந்தக் காசு கூரையைப் பழுது பார்க்கக் கூடப் போதவில்லை. பழைய ஊர்களில் வீடுகள் நின்ற இடத்திலேயே இடிந்தன. புது வீட்டுக்குப் பல ஆண்டு காத்திருப்பு. 1990க்குள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம் என்று 1973இல் திட்டம் போட்டார்கள். 1990இல் நாடே இல்லை. வாடகையை மலிவாக்குவது எளிது, கூரைக்கான காசு எங்கிருந்து வரும் என்று யாராவது பொறுப்பாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைச் சத்தமாகக் கேட்க உரிமை இருந்திருந்தால் இவ்வளவு வீடுகள் இடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்றைய ஊர் நிலைமை வேறு மாதிரி சோகம். ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பாதியாகக் குறைந்துவிட்டது. உருக்காலை இப்போது ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கையில். பசுமை எஃகுக்கு மாறுவதற்காக அரசு கொடுக்க முன்வந்த மானியத்தையும் வேண்டாம் என்று சொல்லி, 2025 ஜூனில் திட்டத்தைக் கைவிட்டது. ஆள் சேர்ப்பதற்காக 2025 செப்டம்பரில் நகராட்சி ஒரு முயற்சி செய்தது: இரண்டு வாரம் இலவசமாகத் தங்கிப் பாருங்கள், பிடித்திருந்தால் குடியேறுங்கள்.

லிண்டன் அலேயில் ஒரு முதியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உருக்காலையில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர். தெருவின் கோடியில் தெரிந்த உலையைக் கை காட்டினார். "பெர்லினில் வீட்டுக்குச் சண்டை. இங்கே வீட்டுக்கு ஆள் தேடுகிறோம். வேலை எங்கே இருக்கும், வீடு எங்கே இருக்கும் என்று ஒருவர் சேர்த்து யோசித்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் நிறையத் தப்பு செய்தார்கள். இப்போது தப்பு செய்யக்கூட யாரும் யோசிப்பதில்லை." பழைய காலம் திரும்ப வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று உடனே தலையை ஆட்டினார். பிள்ளைகள் இருவரும் மேற்கே போய்விட்டார்களாம். அவர்களைப் பார்க்க நினைத்த நேரத்தில் ரயில் ஏற முடிகிறதே, அதை இழக்க மாட்டேன் என்றார்.

திங்கள், வியன்னா

நாள் முழுக்க ரயில். மாலையில் ஹைலிகன்ஷ்டாட் நிலையத்தில் இறங்கி, எதிரிலேயே நிற்கும் கார்ல் மார்க்ஸ் ஹோஃபைப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரே கட்டடம், 1,382 வீடுகள், 1930இல் திறந்தது. கட்டியவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். போல்ஷ்விக்குகளோடு சண்டை போட்டவர்கள். 1923இல் வீட்டு வரி ஒன்று போட்டார்கள், பங்களாவுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குச் சொற்பம். அந்தப் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் வீடுகள் எழும்பின. 1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசு இதே கட்டடத்தின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டது. அந்தச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன, உள்ளே சலவைக்கூடம் ஓடுகிறது, பால்கனியில் ஜெரேனியம் பூத்திருக்கிறது. வியன்னா தன் மாநகராட்சி வீடுகளை விற்கவேயில்லை. இன்றும் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் நகரத்துக்குச் சொந்தம். பெர்லினின் 2004 விற்பனையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் பொறாமையாக இருக்கிறது.

செவ்வாய், கிராட்ஸ்

செம்மரிங் மலைப்பாதை வழியாக ரயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. 1854இல் முடிந்த பாதை. ஜன்னல் பக்கம் இடம் பிடிப்பது நல்லது. கிராட்ஸ் சின்ன, சொகுசான ஊர். சிவப்பு ஓட்டுக் கூரைகள், மூர் நதி, குன்றின் மேல் மணிக்கூண்டு. புரட்சி வரும் ஊர் மாதிரி எதுவும் இல்லை.

இந்த ஊரில் கம்யூனிஸ்ட் கட்சி வளர்ந்த கதை ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து தொடங்குகிறது. எர்னெஸ்ட் கால்டனெக்கர் என்ற நகரசபை உறுப்பினர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாடகைதாரர்களுக்கான அவசர உதவி எண் ஒன்றை ஏற்படுத்தினார். சோவியத் ஒன்றியம் விழுந்துகொண்டிருந்த நேரம், உலகம் முழுக்க கம்யூனிஸ்ட் கட்சிகள் பெயர்ப் பலகையை அழித்துக்கொண்டிருந்த நேரம். இவர்கள், வீட்டுக்காரன் மிரட்டுகிறானா, எங்களைக் கூப்பிடுங்கள் என்றார்கள். கூப்பிட்டவர்களுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தார்கள், நீதிமன்றத்துக்குக் கூடப் போனார்கள். மாநகராட்சி வீட்டில் இருப்பவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கட்டக்கூடாது என்று கையெழுத்து இயக்கம் நடத்தி, அதை நகரத்தின் விதியாகவே ஆக்கினார்கள். 1998இல் கால்டனெக்கர் வீட்டுவசதிப் பொறுப்புக்கு வந்தார். மற்ற கட்சிகள் அந்தத் துறையைத் தலைவலி என்று ஒதுக்கின. அவர் குளியலறை இல்லாத மாநகராட்சி வீடுகளுக்குக் குளியலறை கட்டினார். 2003இல் கட்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு.

அவருக்குப் பின்னால் வந்தவர் எல்கே கார். 2005 முதல் நகர நிர்வாகத்தில், 2021 நவம்பர் 17 முதல் மேயர். பதினெட்டு ஆண்டு மேயராக இருந்த வலதுசாரிக் கட்சிக்காரர் அந்தத் தேர்தலில் 25.9 சதவீதத்தோடு இரண்டாமிடம் போனார். ஊரெங்கும் முளைத்த முதலீட்டு அடுக்குமாடிகள் மேல் மக்களுக்கு வெறுத்துப்போயிருந்தது.

எல்கே கார் தன் சம்பளத்தில் ஒரு தொழிலாளியின் கூலி அளவை மட்டும் வைத்துக்கொள்கிறார். மிச்சம் நெருக்கடியில் இருப்பவர்களுக்குப் போகிறது. கட்சியின் மற்ற நிர்வாகிகளும் அப்படியே. ஆண்டுக் கடைசியில் கணக்குகளைத் திறந்து வைத்து, எவ்வளவு வந்தது, எதற்குக் கொடுத்தோம் என்று பத்திரிகையாளர் முன் காட்டுகிறார்கள்.

இதைப் படித்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு நல்லகண்ணு ஐயா ஞாபகம் வந்திருக்கும். 2022இல் தமிழக அரசு கொடுத்த பத்து லட்சம் ரூபாய் விருதுத் தொகையோடு தன் ஐயாயிரத்தைச் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தவர். அவரைக் கும்பிடாத கட்சிக்காரர் தமிழ்நாட்டில் இல்லை. 1999இல் கோவையில் மக்களவைத் தேர்தலுக்கு நின்றபோது தோற்றுப்போனார். எளிமையை மட்டும் வைத்து வாக்கு வராது என்பது நமக்கு நன்றாகவே தெரிந்த உண்மை. கிராட்ஸில் எளிமையோடு வேறு என்ன சேர்ந்தது என்று நாளை பார்க்க வேண்டும்.

புதன், கிராட்ஸ்

கட்சி அலுவலகம் இருப்பது லாகர்காஸ்ஸே தெருவில், மக்கள் இல்லம் என்ற கட்டடம். காலையிலேயே போய்விட்டேன். சுவரில் பழைய சுவரொட்டிகள். மாவட்ட மருத்துவமனை புறநோயாளி பகுதி மாதிரி ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, மடியில் பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதம். பராமரிப்புச் செலவுக்கான வருடக் கணக்கு வந்திருக்கிறது, நானூறு யூரோவுக்கு மேல் கூடுதலாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் அனுமதியோடு நானும் அறைக்குள் போனேன். உதவி செய்யும் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். காகிதத்தை மேசையில் பரப்பி, அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். குப்பை, சரி. கழிவுநீர், சரி. காப்பீடு, சரி. ஒரு வரியில் நின்றார். வாசல் கதவு மாற்றியதை அதில் சேர்த்திருந்தார்கள். அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுது, குடியிருப்பவர் தலையில் கட்டக்கூடாது. அங்கேயே ஒரு கடிதம் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, "பதில் வராவிட்டால் வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள்" என்று எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். மார்க்ஸ் பெயரோ கட்சி பெயரோ வரவில்லை. நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பெண்மணியிடம் கேட்டேன், நீங்கள் கம்யூனிஸ்டா? "நானா? ஞாயிறு தோறும் மாதா கோயிலுக்குப் போகிறவள்," என்றார். தன் கணவர் இருந்தவரை இந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க விட்டிருக்க மாட்டார் என்றும் சொன்னார்.

மதியம் உதவியாளரோடு காபி குடித்தேன். என் சந்தேகத்தை நேராகவே வைத்தேன்: இது தர்மகாரியம்தானே, இதில் கம்யூனிசம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை இடதுசாரிகளே அதிகம் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார். "ஒருவர் பில்லைச் சரி செய்வது உதவி. ஆயிரம் பில்லைப் பார்த்தால் எந்தச் சட்டம் ஓட்டை என்று தெரிகிறது. அதை நகரசபையில் மாற்றுவது அரசியல். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது நிற்காது."

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். மூன்றில் ஒரு பங்கு விதியைத் தர்மம் என்று யாரும் சொல்ல முடியாது. அது உரிமை, மேயர் மாறினாலும் நிற்கும். மேயரானதும் இவர்கள் மாநகராட்சி வாடகை உயர்வைத் தடுத்தார்கள், கட்சிகளுக்கான மானியத்தை, தங்கள் கட்சிக்கும் சேர்த்து, குறைத்தார்கள். வீட்டை இலாபத்துக்கான சரக்காகப் பார்க்கக்கூடாது என்பதை இன்று வாடகை கட்டும் மனிதனுக்கு இன்றே காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் கட்சிகள் செய்வதோடு ஒப்பிட்டால், பில்லைப் பார்க்க ஒருவர் தினமும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். முப்பது ஆண்டாக, தேர்தல் இல்லாத ஆண்டிலும்.

கட்சி ஏழையாக இருப்பதும் உதவியது என்று நினைக்கிறேன். கிழக்கு ஜெர்மனியோடு வியாபாரம் செய்த நோவும் என்ற நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்று நடந்த வழக்கில் ஆஸ்திரியக் கட்சி 2003இல் தோற்றது; பத்து கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. கட்டடமும் சம்பளக்காரர்களும் போன பிறகு மிஞ்சியது சொந்தக் காலில் நிற்கத் தெரிந்த கிராட்ஸ் போன்ற கிளைகள்தான்.

குறையையும் எழுதியாக வேண்டும். நகரத்தின் கடன் பெரிது. மேயர் வங்கியையோ மின் நிறுவனத்தையோ தேசியமயமாக்க முடியாது, பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணியில்தான் நிர்வாகம் ஓடுகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இதே மாநிலக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 2021இல் பெலாரூஸ் போய், அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் பேசினார். அதிபர் லுகாஷென்கோ தன் எதிர்ப்பாளர்களைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கிழவியின் பில்லை வரி வரியாகப் பார்க்கத் தெரிந்த கட்சிக்கு, ஸ்டாசியின் மிச்சத்தைப் பார்த்தால் விலகத் தெரிய வேண்டாமா? உதவியாளரிடம் இதையும் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கட்சிக்குள் அதைப் பற்றிச் சண்டை நடந்தது என்று மட்டும் சொன்னார்.

வியாழன், சால்ஸ்பர்க்

கிராட்ஸிலிருந்து நான்கு மணி நேரம், மலைகளுக்கு நடுவே. மோட்சார்ட் பிறந்த ஊர், திருவிழா ஊர், பணக்கார ஊர், வாடகையும் அப்படியே. மாநிலத் தேர்தலில் 2018இல் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கே அரை சதவீதம்கூட இல்லை. 2023 ஏப்ரலில் 11.7 சதவீதம். 2024 மார்ச் நகரத் தேர்தலில் 23 சதவீதம். கை-மிஷாயல் டாங்க்ல் என்ற இளைஞர், அருங்காட்சியக வழிகாட்டியாக வேலை பார்த்தவர், மேயர் பதவிக்கான இறுதிச் சுற்றுவரை போய்த் தோற்று, இப்போது துணை மேயர். அவரும் கிராட்ஸ் வழிதான்: வாடகை பேச்சு, சம்பளத்தைப் பகிர்வது, ஆலோசனை நேரம். ஜெர்மனியிலும் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில், டீ லிங்கே என்ற இடதுசாரிக் கட்சி செத்துவிட்டது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தபோது, அது 8.8 சதவீதம் வாங்கியது, பெர்லினில் முதலிடம். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். வாடகை அநியாயமா, சூடேற்றும் கட்டணம் சரியா என்று பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கட்சி தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாடம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது.

ஆனால் 2024 செப்டம்பரில் ஆஸ்திரிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது கம்யூனிஸ்டுகளுக்கு 2.4 சதவீதம்தான். நாலு சதவீதம் இருந்தால்தான் உள்ளே போகலாம். 1959க்குப் பிறகு அவர்கள் அந்த அவைக்குள் போனதே இல்லை. அந்தத் தேர்தலில் முதலிடம் பிடித்தது தீவிர வலதுசாரிக் கட்சி. ஆக, மேசை போட்டு உட்கார்ந்த ஊரில் வாக்கு வருகிறது, உட்காராத ஊரில் பெயரைக் கேட்டதும் ஜனங்கள் சுவரையும் டாங்கியையும் நினைக்கிறார்கள். நினைப்பது நியாயம்தான்.

எனக்கு இப்போது அண்ணையின் வாக்கு புரிகிறது. அவர் கேட்டது 1984இல் தான் இறங்கிய நாட்டை அல்ல. தன் வீடு யாரோ ஒரு தபால் பெட்டி எண்ணின் சொத்தாக இருக்கக்கூடாது என்று கேட்டார். ஒரே கட்சி, ஒரே பத்திரிகை, எல்லாம் அரசுக்கு என்ற கம்யூனிசம் திரும்ப வருவதற்கான ஒரு அறிகுறியும் நான் போன ஊர்களில் இல்லை, அதை அனுபவித்தவர்களே கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். வீடு, தண்ணீர், மின்சாரம், மருத்துவம் இவை யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் ஏற்கெனவே திரும்பி வந்து வாக்குச்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வாக்குச்சீட்டும் நீதிமன்றமும் திறந்த கணக்கும் போதுமா என்பதுதான் இனிமேல் தெரிய வேண்டியது. பெர்லினில் 2023இல் நிபுணர் குழு ஒன்று, ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு இந்தப் பொதுவுடைமைக்கு இடம் தருகிறது என்று சொல்லிவிட்டது. இருந்தும் பத்து லட்சம் பேர் கேட்ட சட்டம் இன்னும் வரவில்லை. மக்கள் வென்ற வாக்கெடுப்பை இப்படி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால் அவர்கள் ஜனநாயகத்தின் மேலேயே நம்பிக்கை இழப்பார்கள். எனக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருக்கிறது.

2026இல் கிராட்ஸ் நகரசபைக்கும் பெர்லின் மாநிலத்துக்கும் தேர்தல். அண்ணை இப்போதே தீர்மானித்துவிட்டாராம், தொலைபேசியில் சொன்னார். கக்கூஸ் இன்னும் ஒழுகுகிறது என்றும் சொன்னார். வெட்டிங்கில் டீ லிங்கே ஆட்கள் வாடகை ஆலோசனைக்கு உட்காரும் இடத்தைத் தேடி விலாசத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.